கதே தோண்டச் சொன்ன குன்று

செக் குடியரசின் மேற்கு ஓரத்தில், ஜெர்மனியின் பவேரிய எல்லைக்கு அருகே, ஹெப் என்னும் பழைய நகரம் இருக்கிறது. ஜெர்மானியர் அதனை ஏகர் என்று அழைத்தனர். ஷில்லரின் நாடகங்களை வாசித்தவர்களுக்கு இவ்வூர் புதிதல்ல. தளபதி வாலன்ஸ்டைன் 1634-இல் கொலையுண்டது இங்குதான். இந்நகருக்கும், மருத்துவச் சுனைகளுக்குப் பெயர்பெற்ற ஃப்ரான்சன்ஸ்பாடுக்கும் இடையில் வயல்களின் நடுவே ஒரு சிறு மேடு தெரிகிறது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 503 மீட்டர். சுற்றியுள்ள நிலமே உயரமானதாகையால், நேரில் பார்க்கும்போது சில நிமிடங்களில் ஏறிவிடக்கூடிய ஒரு திட்டாகவே அது தோன்றும். செக் மொழியில் அதன் பெயர் கோமோர்னி ஹூர்கா. ஜெர்மன் மொழியில் காமர்பியூல் அல்லது காமர்பெர்க். இன்று அது தேசிய இயற்கைச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

அதன் பாறையொன்றில் மனித முகம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அம்முகம் கவிஞர் கதேயினுடையது. நாம் கதேயை அறிந்திருப்பது 'ஃபாஸ்ட்' நாடகத்தின் ஆசிரியராக. காளிதாசனின் சாகுந்தலத்தை மொழிபெயர்ப்பில் வாசித்து வியந்து பாடியவராக. அவர் ஒரு கிட்டமேட்டில் ஏன் செதுக்கப்பட்டார் என்பதை அறிய, அந்த மேட்டின் கற்களுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

குன்றின் ஒரு பக்கத்தில் பெரிய பள்ளம் உண்டு. பாதை போடுவதற்காக மக்கள் பல தலைமுறைகளாக அங்கிருந்து கல் அள்ளினர். கொல்லன் உலையில் மிஞ்சும் இரும்புக் கிட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லை எளிதில் விளக்கிவிடலாம்: கருத்தும் சிவந்தும், உள்ளே எண்ணற்ற துளைகளுடன், கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட எடை குறைந்து இருக்கும். பள்ளத்தின் சுவரில் இக்கிட்டம் அடுக்கடுக்காக, ஒரே சரிவில் படிந்து கிடக்கிறது. குன்றின் மற்றொரு பக்கத்தில் துளைகள் குறைந்த, கெட்டியான கரும்பாறை தலைகாட்டுகிறது. அது பசால்ட் குடும்பத்தைச் சேர்ந்த எரிமலைப்பாறை.

இக்கற்களில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கனிமங்கள் சில. முதலாவது ஒலிவீன், பச்சையும் மஞ்சளும் கலந்த கண்ணாடித் துணுக்குகளைப்போல் மின்னும். மக்னீசியமும் இரும்பும் மணற்சத்தான சிலிக்காவுடன் சேர்ந்து உருவாவது அது. அடுத்தது ஆகைட், கரும்பச்சை முதல் கறுப்பு வரையிலான நிறத்தில் குட்டையான படிகங்களாக வருவது. இவற்றோடு ஒட்டாத வேறு சில துண்டுகளும் கிட்டத்தில் புதைந்திருக்கின்றன. வெண்ணிறப் படிகக்கல், அதாவது குவார்ட்ஸ். அபிரகம் மின்னும் தகட்டுப்பாறைச் சில்லுகள். சில்லுகளின் ஓரங்கள் சூட்டில் வெந்து, சில இடங்களில் மெருகு ஏறியதுபோல் காணப்படுகின்றன. வெந்துபோன இந்த அந்நியத் துண்டுகளே பின்னர் வழக்கின் முக்கியச் சாட்சிகளாயின.

வழக்கு என்று சொல்வது மிகையன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் கனிமவியலாளர்களை இரு கட்சிகளாகப் பிரித்த பெருவழக்கு அது. பசால்ட் எப்படி உண்டாயிற்று என்பதே கேள்வி. சாக்சனியில் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகத்தில் 1775 முதல் கற்பித்த ஆபிரகாம் காட்லோப் வெர்னர், பூமியின் பாறைகளில் பெரும்பாலானவை ஆதியில் இருந்த ஒரு பெருங்கடலிலிருந்து படிந்தவை என்றார். கடல்தெய்வம் நெப்டியூனின் பெயரால் அவர் அணியினர் நெப்டியூனியர் என்றும், நெருப்பை முன்வைத்த எதிரணியினர் வல்கன் தெய்வத்தின் பெயரால் வல்கனியர் என்றும் அழைக்கப்பட்டனர். பிரான்சில் நிக்கோலா தெமரே 1763-இல் ஓவர்ன் பகுதியில் பசால்ட் தூண்களைக் கண்டு, பழைய எரிமலைகளோடு அவற்றுக்குள்ள தொடர்பை உணர்ந்திருந்தார். வெர்னரோ, சாக்சனியின் ஷைபன்பெர்க் குன்றில் மணலும் களிமண்ணும் பசால்ட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிப்படியாக மாறுவதைக் கண்டதாகக் கூறி, பசால்ட்டும் நீரின் படிவே என்று சாதித்தார்.

இன்றைய வாசகருக்கு நெப்டியூனியக் கருத்து வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வெர்னரின் நாட்டில் புகையும் மலை எதுவும் இல்லை. அவர் கண்ட பசால்ட்டெல்லாம் மணற்பாறைகளின்மேல் கிடைமட்டமாக, அமைதியாகப் படுத்திருந்தது. எரிமலை என்பது அவரைப் பொறுத்தவரை, பூமிக்குள் நிலக்கரி தீப்பற்றி எரிவதால் அங்கங்கே நிகழும் சிறு விபத்து. தன் கண்முன் இருந்ததைக்கொண்டு அவர் நியாயமாகவே சிந்தித்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. இங்கே ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். நெருப்பின் பிள்ளைகளென்று இன்று நாம் அறிந்த ஒலிவீனுக்கும் ஆகைட்டுக்கும் பெயர் சூட்டியவர் வெர்னரே. ஆலிவ் காயின் நிறத்தைக்கொண்டு முன்னதற்கும், பளபளப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு பின்னதற்கும் அவர் பெயரிட்டார்.

கதே இவ்வழக்கில் பார்வையாளராக நுழைந்தவரல்லர். வைமார் அரசில் அமைச்சராயிருந்த அவர், இல்மனாவில் கைவிடப்பட்டிருந்த செம்பு, வெள்ளிச் சுரங்கத்தை மீண்டும் திறக்கும் பொறுப்பை ஏற்றார். 1784-இல் திறப்புவிழா நடந்தது. 1796-இல் சுரங்கத்தில் ஒரு பகுதி இடிந்து வெள்ளம் புகுந்து, முயற்சி தோற்றது. சுரங்கம் தோற்றாலும் கற்களின் மீதான அவர் ஆசை தோற்கவில்லை. இறக்கும்போது அவரிடம் ஏறக்குறைய 18,000 பாறை, கனிம மாதிரிகள் இருந்தன. ஜெனாவைச் சேர்ந்த கனிமவியலாளர் லென்ஸ் 1806-இல் ஓர் இரும்புக் கனிமத்துக்கு அவர் பெயரால் கதைட் எனப் பெயரிட்டார். காவிமண்ணின் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் காரணமான கனிமம் இன்று அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. உலகெங்கும் மண்ணில் கலந்துகிடக்கும் ஒரு பொருளில் கவிஞர் ஒருவரின் பெயர் இருப்பது வேறெங்கும் நாம் காணாத பேறு.

எரிமலையை அவர் அறியாதவரும் அல்லர். 1787 மார்ச் மாதத்தில் மட்டும் வெசூவியஸ் மீது மூன்று முறை ஏறினார்; குழம்பு வழிந்தோடும் இடத்தின் அருகே சென்று நோக்கினார். ஆனாலும் அவர் மனம் வெர்னரையே நாடியது. அவர் ஆதரவில் ஃப்ரைபெர்க் சென்று வெர்னரிடம் பயின்ற ஃபோய்க்ட் என்பவர் திரும்பிவந்து வல்கனியரானார். 1780-களின் இறுதியில் ஆசானையே அச்சில் எதிர்த்தார். இருவரையும் மதித்த கதே, இரு கட்சிகளையும் சமாதானப்படுத்த ஒரு திட்டமே எழுதிப்பார்த்தார். கொதித்துக்கொண்டிருந்த ஒரு கடலைக் கற்பனை செய்துகொண்டால் இருவரும் சரியாகிவிடுவர் என்பது அதன் சாரம். அவர் வாழ்நாளில் அது வெளிவரவில்லை.

இந்நிலையில்தான் காமர்பெர்க் அவர் வழியில் வந்தது. இக்குன்றை முதலில் எரிமலை என்று எழுதியவர் இக்னாஸ் ஃபொன் போர்ன். 1773-இல், ஏகர் நகரின் அருகே உள்ள அணைந்துபோன எரிமலையைப் பற்றி அவர் எழுதிய கடிதம் அச்சாயிற்று. ஆனால் போகிமியாவின் மருத்துவரும் வெர்னர் மரபினருமான ஃப்ரான்ஸ் ஆம்ப்ரோஸ் ராய்ஸ் இதனை ஏற்கவில்லை. நிலத்தடியில் நிலக்கரி எரிந்து, மேலிருந்த பாறையை உருக்கியிருக்கிறது. இது போலி எரிமலை என்றார். இவ்விளக்கத்தையும் நாம் எளிதில் தள்ளிவிடக்கூடாது. அந்த வட்டாரம் முழுவதும் நெய்வேலியில் கிடைப்பதைப்போன்ற பழுப்பு நிலக்கரி நிறைந்தது. கரிப்படுகைகள் தாமே தீப்பற்றி, மேலுள்ள களிமண்ணைச் சுட்டுச் செங்கல்லும் பீங்கானும் போலாக்கிய இடங்கள் அங்கே உண்மையாகவே உள்ளன. அத்தகைய சுட்ட மண்ணைக் கதேயும் ஆர்வத்தோடு சேகரித்தார்.

1808 கோடையில் ஃப்ரான்சன்ஸ்பாடில் தங்கியிருந்தபோது கதே குன்றை ஆராய்ந்தார். அவர் எழுதிய கட்டுரை மறு ஆண்டு ஒரு கனிமவியல் ஆண்டுமலரில் வெளிவந்தது. கவிஞரின் கட்டுரை என்றால் வருணனையை எதிர்பார்க்கும் நமக்கு அது ஏமாற்றமளிக்கும். பள்ளத்தின் சுவரை அவர் ஒரு கணக்கரைப்போல் நோக்குகிறார். எந்த அடுக்கு எவ்வாறு சரிகிறது, எந்தக் கல் எந்த அளவு வெந்திருக்கிறது, அபிரகப் பாறை எங்கே மாறாமல் இருக்கிறது, எங்கே உருகத் தொடங்கியிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஒரு பொருளின் வெவ்வேறு நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே அதன் தன்மை விளங்கும் என்பது செடிகளைப் பற்றிய ஆய்விலும் அவர் கையாண்ட முறை. ஓர் ஆண்டு முன்னர், கார்ல்ஸ்பாடில் ஜோசப் ம்யூலர் என்ற கல்பட்டை தீட்டுநர் விற்ற பாறைத் தொகுதிக்கு அவர் எழுதிய பட்டியலிலும் இதே முறைதான்.

அக்கட்டுரையின் முடிவு, இது எரிமலையே என்பது. ஆனால் அடுக்குகளின் ஒழுங்கு அவரை உறுத்தியது. வெடித்துச் சிதறிய பொருள் இத்தனை ஒழுங்காகப் படியுமா? ஆகவே அப்பகுதி நீரால் மூடப்பட்டிருந்தபோது, நீரின் அடியில் வெடித்த எரிமலை இது என்றார். நெருப்புக்கும் நீருக்கும் இடையே அவர் நெடுங்காலமாகத் தேடிய சமாதானத்தை இச்சிறு குன்றில் கண்டுகொண்டார்போலும். காற்றில் எறியப்பட்ட கிட்டமும் சரிவில் விழும்போது ஒழுங்கான அடுக்குகளாகவே அமையும் என்பதை இன்று எரிமலைகளில் நேரில் காணமுடிகிறது. கடல் தேவைப்படவில்லை.

1820-இல் அவர் மீண்டும் வந்தார். இம்முறை ஐயம் வளர்ந்திருந்தது. ராய்ஸ் சொன்ன நிலக்கரித்தீயின் பக்கம் சாயத் தொடங்கினார். இந்த ஆண்டுகளில் அவருக்கு உற்ற துணையாக வாய்த்தவர் ஏகர் நகரின் காவல்துறை அதிகாரி க்ரூனர். கல்லென்றால் என்னவென்று அதுவரை எண்ணிப்பாராத அவ்வதிகாரி, கதேயோடு பழகிப் பழகி அவரும் ஒரு கனிமச் சேகரிப்பாளராகிவிட்டார். இருவரும் சுத்தியலுடன் வண்டியில் ஊர் ஊராகத் திரிந்தனர். எல்லையோரத்தில் இதைவிடச் சிறிய மற்றோர் எரிமலையான ஐசன்பியூலை, இன்றைய ஷெலெஸ்னா ஹூர்காவை, 1823-இல் கதே ஆராய்ந்ததும் க்ரூனரின் உதவியோடுதான்.

1822 ஜூலை இறுதியில் காமர்பெர்க்கில் ஓர் அரிய கூட்டம் நிகழ்ந்தது. ஸ்வீடனின் வேதியியலாளர் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ், பிராகில் தேசிய அருங்காட்சியகம் தோன்றக் காரணமானவரும் தொல்தாவர ஆய்வின் முன்னோடியுமான கோமான் காஸ்பர் ஸ்டெர்ன்பெர்க், இவர்களோடு கதே. அப்போது அவருக்கு 73 வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. பெர்சீலியஸ் ஓவர்னின் அணைந்த எரிமலைகளை முன்பே பார்த்தவர். காமர்பெர்க்கும் அவற்றின் இனமே என்பதில் அவருக்கு ஐயமில்லை. பொற்கொல்லர் பட்டறையில் பற்றவைக்கப் பயன்படும் ஊதுகுழலைக் கனிமச் சோதனைக்குப் பயன்படுத்துவதில் அவர் பெருந்திறமையாளர். சுடரை ஒரு சிறு கற்துணுக்கின்மீது ஊதி, அது உருகும் விதம், சுடரில் தரும் நிறம், உப்புடன் சேர்ந்து உண்டாகும் மணியின் வண்ணம் ஆகியவற்றால் உள்ளிருக்கும் பொருளைச் சொல்லிவிடுவார். கதே அச்சோதனைகளைக் கண்டு மகிழ்ந்தார். காமர்பெர்க் எரிமலையே என்ற பக்கத்துக்கு மீண்டும் திரும்பினார்.

ஆனால் நாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அவர் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதல்ல. ஐயத்திலிருந்த காலத்தில் அவர் ஒரு யோசனை சொன்னார்: குன்றின் அடியிலிருந்து நடுப்பகுதி நோக்கி ஒரு சுரங்கவழி தோண்டிப் பாருங்கள். நிலக்கரி எரிந்ததால் வந்த கிட்டமென்றால் அடியில் எரிந்த படுகையின் மிச்சமும் சுட்ட களிமண்ணும் இருக்கும். அதற்குக் கீழே மாறாத பழைய பாறை வந்துவிடும். உண்மையான எரிமலையென்றால் கீழிருந்து மேலேறிவந்த பசால்ட்டின் குழாய் ஒன்று பாறையைத் துளைத்துக்கொண்டு நிற்கும். இரண்டும் ஒருங்கே இருக்க முடியாது. இல்மனாவில் சுரங்கத்தோடு பன்னிரண்டு ஆண்டுகள் போராடிய ஒருவருக்கே இயல்பாகத் தோன்றக்கூடிய யோசனை இது.

அக்காலக் கனிமவியல் நூல்களைப் புரட்டினால் இதன் அருமை விளங்கும். இரு கட்சியினரும் கையில் எடுத்த கல்லைக் காட்டியே வாதிட்டனர். ஒருவர் தம் கல்லில் சிப்பியைக் கண்டார். மற்றவர் தம் கல்லில் கிட்டத்தைக் கண்டார். எது நேர்ந்தால் என் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வேன் என முன்கூட்டியே சொன்னவர் மிகக்குறைவு. எரிமலைக் கொள்கையை மனத்தால் வெறுத்த கதே, அக்கொள்கை வெல்லக்கூடிய சோதனையைத் தாமே வகுத்தார். ஒளியையும் நிறத்தையும் பற்றி நியூட்டனோடு அவர் நடத்திய பிடிவாதப் போரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும். நிறக்கொள்கையில் அவரிடம் காணாத ஒரு குணம் இந்த மேட்டில் வெளிப்பட்டது.

அவர் எரிமலைக் கொள்கையை ஏன் வெறுத்தார்? இதற்கு இலக்கிய விமரிசகர்கள் பிரெஞ்சுப் புரட்சியைக் காட்டுவதுண்டு. திடீரெனக் கிளம்பி எல்லாவற்றையும் புரட்டிப்போடும் எதையும் அவர் விரும்பவில்லை. மெல்ல வளர்வதையும் படிவதையும் விரும்பினார். இதில் உண்மை இல்லாமலில்லை. 'ஃபாஸ்ட்' இரண்டாம் பகுதியில், நிலநடுக்கமே ஒரு பாத்திரமாகி மலையொன்றை முதுகால் முட்டி எழுப்புகிறது. நீரே எல்லாவற்றுக்கும் மூலம் என்ற தேலீசும், நெருப்பின் பக்கம் பேசும் அனக்சகோரசும் அங்கே வாதிடுகின்றனர். நான்காம் அங்கத்தில், மலைகள் நரகத்தின் வெடிப்பால் எழுந்தவை என்று வல்கனியர் வழியில் பேசுவது மெஃபிஸ்டோஃபிலிஸ்! எதிர்க்கட்சியின் வாதத்தைச் சாத்தானின் வாயில் வைத்தது கவிஞரின் குறும்பு.

ஆனால் அரசியல் ஒன்றே காரணம் என்று முடித்துவிடுவது கதேக்குச் செய்யும் அநீதி. அவருடைய முதுமையில் வல்கனியக் கொள்கை வெறும் பசால்ட்டைப் பற்றியதாக இல்லை. வெர்னரின் மாணவர்களான லியோபோல்ட் ஃபொன் புக்கும் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்டும் எரிமலைகளை நேரில் கண்டு நெருப்பின் அணிக்குச் சென்றுவிட்டனர். புக், மலைத்தொடர்களே அடியிலிருந்து வந்த உந்துதலால் வீங்கி எழுந்தவை என்று போதித்தார். 1823-இல் ஹம்போல்ட் பெர்லினில் எரிமலைகளைப் பற்றி ஆற்றிய உரையைக் கதே வாசித்தார், மதித்தார், ஏற்கவில்லை. பசால்ட்டில் வல்கனியர் வென்றனர். ஆனால் ஆல்ப்ஸ் போன்ற மலைகள் எரிமலை உந்துதலால் குமிழியைப்போல் எழுந்தன என்ற புக்கின் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. அவ்வகையில் முதியவரின் முணுமுணுப்பு முழுவதும் பிடிவாதமன்று.

சுரங்கவழி அவர் காலத்தில் தோண்டப்படவில்லை. கதே 1832 மார்ச் 22 அன்று இறந்தார். நண்பரின் யோசனையை மறக்காத ஸ்டெர்ன்பெர்க், 1834-இல் பணியைத் தொடங்கினார். அவருக்கும் அப்போது வயது 73. நிலக்கரிச் சுரங்கங்களில் புதைந்த தாவரங்களைத் தேடியே வாழ்நாளைக் கழித்தவராதலால், எரிந்த கரிப்படுகை இருந்திருந்தால் அதை அடையாளம் காண அவரினும் தகுதியானவர் இல்லை. 1837 வரை வேலை நடந்தது. எரிந்த நிலக்கரி கிடைக்கவில்லை. கீழிருந்து மேலேறும் பசால்ட் குழாய் கிடைத்தது. கேள்வி முடிந்தது. குன்றின் அடியில் கல்லால் ஒரு வாசலைக் கட்டி, அதை இயற்கையின் நண்பர்களுக்கு உரித்தாக்கினார் ஸ்டெர்ன்பெர்க். மறு ஆண்டு அவரும் மறைந்தார்.

பின்வந்தவர்களுக்கு இதே விடையைச் சுரங்கமில்லாமலே தரும் வழியொன்று கிடைத்தது. 1850-களில் ஆங்கிலேயர் ஹென்றி சோர்பி, பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைப் பரப்பினார். கதே வெறுங்கண்ணால் கண்ட கறுப்புப் பரப்பு அச்சீவலில் படிகங்களின் கூட்டமாகப் பிரிந்துவிடும். காமர்பியூலின் பாறையில் ஒலிவீனும் ஆகைட்டும் தவிர, நெஃபலீன் என்ற நிறமற்ற கனிமமும், காந்தத்தால் ஈர்க்கப்படும் மாக்னடைட் மணிகளும் பொதிந்திருப்பது தெரியவந்தது. இவற்றுள் நெஃபலீன் குறிப்பிடத்தக்கது. சிலிக்கா மிகவும் குறைந்த குழம்பிலேயே அது உருவாகும். சிலிக்கா மிகுதியாக இருந்தால் அது நெஃபலீனாக நிற்காமல் ஃபெல்ஸ்பார் ஆகிவிடும். எனவே தனிச் சிலிக்காவான குவார்ட்சும் நெஃபலீனும் ஒரே குழம்பிலிருந்து ஒருசேரப் பிறப்பதில்லை.

இப்போது அந்த வெந்த வெண்படிகத் துண்டுகளை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். நெஃபலீன் கொண்ட பாறைக்குள் குவார்ட்ஸ் கிடந்தால் அது அக்குழம்பின் பிள்ளையாக இருக்க முடியாது. வழியிலிருந்த பழம்பாறையைக் குழம்பு பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. முழுவதும் கரைத்துக்கொள்ள அவகாசமில்லாமல் மேலே எறிந்திருக்கிறது. அபிரகச் சில்லுகளும் அப்படியே. குழம்பு கீழே ஆழத்திலிருந்து, பழம்பாறையைத் துளைத்துக்கொண்டு விரைந்து வந்தது என்பதற்கு அவையே சான்று. மாறாத சில்லு, ஓரம் வெந்த சில்லு, உருகத் தொடங்கிய சில்லு என்று 1808-இல் அவற்றைத் தரம்பிரித்து நோக்கிய கண், சரியான இடத்தில்தான் நிலைகொண்டிருந்தது. மேலும் ஒலிவீன் மிகுந்த குழம்பு, சுட்ட களிமண்ணிலிருந்து வரக்கூடியதன்று. பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கு பகுதியளவில் உருகுவதாலேயே அது பிறக்கிறது.

குன்று வெடித்தது சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் என்று இன்று கணிக்கின்றனர். நிலவியல் கணக்கில் இது நேற்று. நெருப்பு இன்னும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை என்பதற்கும் அறிகுறிகள் உண்டு. ஏகர் வட்டாரத்தில் சிறு நிலநடுக்கங்கள் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூட்டமாக வந்து போகின்றன. 1985-86, 2000, 2008 ஆகிய ஆண்டுகளின் கூட்டங்கள் விரிவாக ஆராயப்பட்டவை. ஷெலெஸ்னா ஹூர்காவின் அருகே மிட்டினா என்ற இடத்தில், எரிமலை வெடிப்பால் உண்டாகிப் பின் தூர்ந்துபோன ஒரு பள்ளம் 2007-இல் துளையிட்டுக் கண்டறியப்பட்டது. சூழம்பு நீரைத் தொட்டபோது நிகழ்ந்த வெடிப்பு அது. நீருக்கும் நெருப்புக்கும் கதே தேடிய கூட்டு, காமர்பெர்க்கில் இல்லாமல் சில மைல் தள்ளி இருந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஃப்ரான்சன்ஸ்பாடுக்கு அருகே சோஸ் என்னும் சதுப்பு நிலத்தில் சேற்றைக் குமிழியிடச் செய்துகொண்டு கரியமில வாயு ஓயாமல் வெளியேறுகிறது. அப்பகுதி வாயுக்களில் கலந்துள்ள ஹீலியத்தை ஆராய்ந்தவர்கள், அது மேன்டிலிலிருந்து வருவதாகக் கண்டனர். கதே பல முறை போகிமியாவுக்கு வந்தது முதன்மையாக மருத்துவத்துக்காக. கார்ல்ஸ்பாடிலும் மரியன்பாடிலும் ஃப்ரான்சன்ஸ்பாடிலும் கோப்பை கோப்பையாக அவர் பருகிய சுனைநீரில் நுரைத்து எழுந்த வாயு, ஆழத்திலுள்ள அதே நெருப்பின் மூச்சு. நெப்டியூனியர் ஒருவர் தம் உடல்நலத்துக்காக இருபது ஆண்டுகளுக்குமேல் வல்கனிடம் கையேந்தியிருக்கிறார் என்று எண்ணும்போது நமக்குப் புன்னகை வருகிறது. கனிமநீரைப் பற்றி அவ்வளவு எழுதிய அவருக்கு இது தெரிந்திருந்தால் இரண்டாம் 'ஃபாஸ்டி'ல் ஒரு காட்சி கூடியிருக்கலாம்.

பாதைக்குக் கல் அள்ளும் வேலை தடையின்றித் தொடர்ந்திருந்தால் குன்றே கரைந்துபோயிருக்கும். போகிமியாவில் இதைவிடப் பெரிய பசால்ட் குன்றுகள் பல கல்லுடைப்புக்கு இரையாயின. இம்மேடு பிழைத்ததற்குக் காரணம் அதன் ஒலிவீனின் அழகல்ல. ரத்தினம் என்று சொல்லும்படி அங்கே எதுவும் கிடைப்பதில்லை. பெரியவர்கள் சிலர் இதைப்பற்றித் தர்க்கித்தார்கள் என்பதே அதன் மதிப்பாயிற்று. அதற்கிடையே ஆட்சிகள் மாறின. ஆஸ்திரியப் பேரரசு மறைந்தது, செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது, இரண்டாம் உலகப்போருக்குப்பின் அவ்வட்டாரத்தின் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். ஏகர் ஹெப் ஆயிற்று. ஃப்ரான்சன்ஸ்பாட் ஃப்ரான்டிஷ்கோவி லாஸ்னே ஆயிற்று. 1993-இல் செக்கோஸ்லோவாக்கியாவும் பிரிந்தது. ஜெர்மானியக் கவிஞரின் கல்முகமும், அவர் 1808, 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் அங்கு ஆராய்ந்ததைச் சொல்லும் எழுத்துகளும் அப்படியே இருக்கின்றன.

இன்று குன்றின்மேல் நடைபாதை உண்டு. ஸ்டெர்ன்பெர்க்கின் கல்வாசலைப் பார்க்கலாம். சுரங்கவழிக்குள் செல்ல முடியாது. பாதுகாக்கப்பட்ட இடமாதலால் கல்லைப் பெயர்க்கவும் கூடாது. சுத்தியலோடு வந்து மூட்டை கட்டிச் சென்ற கதேயைப் போன்ற ஒருவரை இன்றைய காவலர் தடுத்து நிறுத்திவிடுவார். அவர் சேகரித்த போகிமியக் கற்களைப் பார்க்க வைமாருக்குத்தான் போகவேண்டும். அவர் வீட்டுத் தோட்டத்தின் மூலையில், கற்களுக்கென்றே ஒதுக்கிய சிறு மண்டபத்தில், இழுப்பறைப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.